கருவண்டுக்காகப் பூக்கும் கொன்றை

அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே சென்னைப் பூங்காக்களில் புல் காய்ந்துவிடும். நல்ல மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுகிறது. புங்கை தன் அடியில் வெளிர் ஊதாப் பூவைக் கொட்டுகிறது. குல்மோகர் சிவக்கிறது. இயல்வாகையின் கீழே கார் நிறுத்தியவர்கள் காலையில் துடைப்பத்தோடு வருகிறார்கள். குளிர்நாட்டு வசந்தம் பனி விலகியதும் வரும். நம் இளவேனில் மண் வறண்ட பிறகு வருகிறது. இந்த வெயிலில் பூக்க மரத்துக்கு ஏது தண்ணீர்?

இலையைக் கொட்டித்தான் அந்தத் தண்ணீரைச் சேர்க்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பங்கு இலைகளின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். இலை உதிர்ந்தால் அந்தச் செலவு நிற்கும். ஆழ்மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை வேர் இழுத்துக்கொண்டே இருக்க, வற்றிக் கிடந்த தண்டில் மெல்ல நீரேறும்; பிறகு மொட்டு விரியும். கோஸ்டாரிகாவின் வறண்ட காடுகளில் மரங்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ரோல்ஃப் போர்செர்ட், மழையே இல்லாமல் மரங்கள் பூப்பதை இப்படித்தான் விளக்கினார். சில மரங்களுக்குப் பகல் நீள்வதே சைகை. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். வெப்பமண்டல மரங்கள் சிலவற்றுக்கு அதில் அரை மணி நேரம் கூடினாலே போதும். அடிமரம் வரை சிமென்ட் பூசி வைத்திருக்கும் நம் நடைபாதைகளில் இத்தனை கணக்கும் எப்படிப் பலிக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கொன்றையைத் தூரத்தில் நின்று படம் எடுப்பவர்கள் அதன் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து ஒரே ஒரு பூவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள். பத்தும் ஒரே அளவில் இல்லை. மூன்று மட்டும் நீண்டு, வளைந்து, பூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். நான்கு நடுத்தரம். மீதி மூன்று குட்டை. இந்தப் பூ தேன் தருவதில்லை. வருகிறவர்களுக்கு மகரந்தமே சாப்பாடு, அதே மகரந்தம்தான் மரத்தின் சந்ததிக்கும் வேண்டும். எல்லாவற்றையும் தின்னக் கொடுத்துவிட்டால் விதை ஏது?

அதனால் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. வண்டு நடுத்தரத் தாள்களைப் பற்றிக்கொண்டு மகரந்தம் சேகரிக்கும்போது, வளைந்த நீளத் தாள்கள் அதன் உடம்பில், கால் எளிதில் எட்டாத இடத்தில், இன்னொரு பங்கைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவின் சூலகமுடி, அதுவும் வளைந்தது, அந்த இடத்தைத்தான் உரசும். ஒரே பூவில் சாப்பாட்டுக்கு ஒரு வகைத் தாள், இனப்பெருக்கத்துக்கு ஒரு வகைத் தாள் என்னும் இந்தக் கருத்தை 1880-களில் ஹெர்மன் முல்லர், ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் முன்வைத்தார்கள்.

சாப்பாடும் எல்லோருக்கும் இல்லை. நடுத்தரத் தாள்களின் பைகள் முழுதாகப் பிளப்பதில்லை. நுண்துளை வழியாக உலுக்கித்தான் எடுக்க வேண்டும். நம்மூர்த் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பழைய உத்தரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும் கருவண்டுக்குத் தெரியும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரவிடும்; மகரந்தம் சிதறி விழும். காலையில் கொன்றையடியில் நின்றால் இதைக் கேட்கலாம். பறக்கும்போது தாழ்ந்த ரீங்காரம், பூவில் அமர்ந்ததும் சட்டென்று உயரும் சுருதி.

குல்மோகர் வேறு ஊர்க்காரர், மடகாஸ்கர் தீவு. அதன் சிவப்பு தேனீயை அழைப்பதற்கல்ல: தேனீக்கு அந்த நிறத்தைப் பிரித்தறியும் கண் இல்லை; பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்கும் பறவைகளுக்கும் உண்டு. நான்கு சிவப்பிதழுக்கு நடுவே வெளுத்த, புள்ளி போட்ட ஐந்தாவது இதழ் நிமிர்ந்து நிற்பதைத் தேடிப் பாருங்கள். அழகில் குறையில்லை. ஆனால் கட்டை முறியும், வேர் ஆழமாகப் போகாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் இதுவும் இயல்வாகையும் ஏராளமாகச் சாய்ந்தன. தெருவோரத்துக்குக் கொன்றையும் புங்கையும் போதும் என்பது என் கட்சி.

கொன்றைக்குக் கருவண்டு வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பூத்திருக்கும்போதே மேலே பாருங்கள்: போன வருடத்துக் கறுத்த காய்கள் கோல் கோலாகத் தொங்கும். முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிப்பதால் இரண்டு பருவமும் ஒரே கிளையில் இருக்கும். ஆயிரமாயிரம் பூவுக்குச் சில காய்கள்தான் தேறும். ஒன்றுகூட இல்லாத மரம் என்றால் அக்கம்பக்கத்தில் பட்ட கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டோமா என்று யோசிக்கலாம். கருவண்டுக்கு வீடு அங்கேதான். காட்டில் அந்தக் காயை உடைத்து இனிப்பான சதையைத் தின்று விதையைப் பரப்பக் குரங்கும் நரியும் இருக்கின்றன. நகரத்தில் அந்த வேலையை நாற்றங்கால்காரர்கள் பார்க்கிறார்கள். விதைத்தோல் அவ்வளவு கெட்டி என்பதால், உரசியோ வெந்நீரில் ஊறவைத்தோதான் முளைக்கவைக்கிறார்கள்.