பூனையின் வாயும் குழாய்க்குறடும்

எலியைக் கவ்வும் பற்களாலேயே பூனை தன் குட்டியையும் கவ்வுகிறது. எலி இறக்கிறது, குட்டியோ உறக்கம் கலையாமல் இடம் மாறுகிறது. வைணவப் பெரியோர் இக்காட்சியை அடைக்கலத்துக்கு உவமையாக்கினர். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்றனர் வடகலையார். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போல வாளாவிருந்தால் போதும், பற்றுவது அவன் பொறுப்பு என்றனர் தென்கலையார். மலையடியில் நின்றும், மலைமேல் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் திருமால் காட்சி தரும் திருநீர்மலையில் படியேறும்போதெல்லாம் இந்தப் பழைய வழக்கு என் நினைவில் எழும். மலையிறங்கித் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால், அதே வழக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு எதிரே வந்து நிற்கும். ஒரு பொருளை நழுவாமல் பற்றித் திருகவும் வேண்டும்; அதன்மேல் ஒரு கீறலும் விழக்கூடாது. அதற்குக் கருவியின் வாய் எப்படி அமைய வேண்டும்?

குளியலறைக் குழாயை மாற்ற எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் பையிலிருந்து முதலில் எடுத்தது பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு துண்டு. பளபளக்கும் குழாயின் கழுத்தில் அதை இரண்டு சுற்றுச் சுற்றினார். அதன்மேல்தான் குறட்டை வைத்தார். "இரும்பு வாய் சார், நேரா வெச்சா கடிச்சுடும்" என்றார்.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. குழாயின் பளபளப்புக்குக் காரணமான குரோமிய முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் கனம்கூட இராது. அதற்கு அடியில் சற்றே தடித்த நிக்கல் படலம். அதற்கும் அடியில் பித்தளை. குறட்டின் பல் ஒருமுறை பதிந்தால் இரண்டு படலங்களும் கிழிந்து பித்தளை வெளித்தெரியும். நீரில் பூத்துப் பச்சை படர்வதும் அங்கிருந்தே தொடங்கும். குரோமியம் எங்கள் வட்டாரத்துக்குப் பெயரளித்த உலோகம் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் ஆலையின் பெயரே குரோம்பேட்டை என்று நிலைத்தது. அங்கே குரோமிய உப்பு தோலைப் பதப்படுத்தியது. இங்கே குரோமிய உலோகம் பித்தளைக்குப் போர்வையாகிறது.

பற்றுதலின் சிக்கலை விளங்கிக்கொள்ள, முதலில் ஆறு பக்க மரையை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் இதை நட்டு என்பர். திருகுசாவியை ஸ்பானர் என்பர். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 17 மி.மீ. அகலமுள்ள மரை எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. அதன் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ.க்குச் சற்றே குறைந்த நீளமுடையது. சாவியின் வாய் சரியாக 17 மி.மீ. இருந்தால் மரைக்குள் நுழையாது. ஆகவே சிறிது தளர்வு வைத்தே வாயைக் கடைவர். தேய்ந்த சாவியில் அத்தளர்வு அரை மி.மீ. வரை பெருகலாம். அவ்வளவு தளர்வுள்ள சாவி, மரையைத் தொட்டும் திருகாமல், ஏறத்தாழ 3 பாகை வெறுமனே சுழலும். சுழன்று முடியும் கணத்தில் அதன் சமதளத் தாடைகள் மரையின் சமதளப் பக்கங்களைத் தொட்டிருக்கமாட்டா. எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டுமே தொட்டிருக்கும்.

இனி விசைக் கணக்கு. சாவியின் கைப்பிடி 200 மி.மீ. நீளம் என்றும், அதன் முனையைக் கை 20 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்கிறது என்றும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி அவ்விசை ஏறத்தாழ 20 மடங்காகப் பெருகி, ஒவ்வொரு மூலையிலும் 400 கிலோவுக்கு மேல் அழுத்தும். அதைத் தாங்கும் இடமோ ஒரு கோடு. அக்கோடு அரை மி.மீ. அகலமும் 8 மி.மீ. உயரமும் உடையது என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோ விழுகிறது. மென்னெஃகை இழுத்தால் அதே பரப்பில் 25 கிலோ அளவிலேயே அது மீட்சி எல்லையைக் கடந்துவிடும். மூலை நசுங்காமல் என்ன செய்யும்? "மூலை மழுங்கிப்போச்சு" என்று பட்டறையில் சொல்லும்போது மரையின் தரத்தைத்தான் பழிப்பார்கள். பழி பெரும்பாலும் சாவியின் வாய்க்கே உரியது.

மழுங்கத் தொடங்கிய மரையோடு போராடுவோர் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி நெம்புவது நம்மூர் வழக்கம். கை நீளம் இரட்டித்தால் மூலையில் விழும் சுமையும் 800 கிலோவாகிறது. சாவியின் நீளம் மனம்போன போக்கில் வைத்ததன்று. சிறிய மரைக்குக் குட்டைக் கை, பெரிய மரைக்கு நெட்டைக் கை என்று அமைத்தது, மனிதக் கையின் வலிமை அந்த மரையாணியின் தாங்குதிறனைக் கடக்காமலிருக்கவே. செருகிய குழாய் அந்தக் காவலைக் கழற்றி எறிகிறது.

வாயை மாற்றுவதே முறையான தீர்வு. இரண்டு மூலைகளுக்கு மாற்றாக ஆறு மூலைகளையும் சூழ்ந்து பிடிக்கும் மூடிய வளையச் சாவி, அதே திருப்பு விசையை ஆறாகப் பங்கிடும். ஒவ்வோரிடத்திலும் சுமை மூன்றிலொரு பங்காகக் குறையும். 1960களில் அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர்கள் இன்னும் ஒருபடி சென்றனர். வளையத்தின் உள்மூலைகளைக் குடைந்து, அதன் பக்கங்களை மெல்ல வளைத்து, மரையின் மூலையைத் தொடாமல் பக்கத்தில் சற்று உள்ளே அழுத்தும்படி செய்தனர். இதில் ஒரு விலை உண்டு. தொடும் இடம் மூலையிலிருந்து நடுப்பக்கம் நோக்கி நகரும்போது நெம்புகோலின் சிறு கை இன்னும் சிறுத்துவிடும். ஆகவே தேவைப்படும் விசை கூடும். விசை கூடினாலும் கேடு குறைகிறது, ஏனெனில் முனைக்குப் பின்னே தாங்க உலோகமில்லாத மூலையை விட்டுவிட்டு, பின்னே முழுத் தசையும் நிற்கும் பக்கத்தின்மேல் அது பரவி விழுகிறது. பூனையும் குட்டியைக் கவ்வும்போது பிடரியின் தளர்ந்த தோலையே தேர்கிறது. எலியிடம் கழுத்தெலும்பைத் தேடுகிறது. வாய் ஒன்றே என்றாலும் பற்றும் இடம் வேறு.

அளவை மாற்றத்தக்க சாவி, நம்மூரில் ஸ்க்ரூ ஸ்பானர் எனப்படுவது, சுவீடனின் என்கோப்பிங் நகரில் யோஹான் பீட்டர் யோஹான்சன் என்பவர் 1890களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அந்தச் சுவீடன் மரபின் நுட்ப உதவியோடுதான் பிற்காலத்தில் நாசிக்கில் தபாரியா நிறுவனம் கைக்கருவி செய்யத் தொடங்கியது. இச்சாவியில் ஒரு தாடை அசையும். ஆகவே தளர்வு அதனோடு உடன்பிறந்தது. இழுவிசையை நிலைத்தாடை ஏற்கும்படி சாவியை மாட்ட வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு பயிலுநருக்கும் முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனையோ மரைகள் பிழைக்கும்.

மரைக்காவது பக்கங்கள் உண்டு. உருண்டைக் குழாய்க்கு அதுவும் இல்லை. உராய்வு ஒன்றே துணை. உராய்வு வேண்டுமெனில் அழுத்தம் வேண்டும். கையால் எவ்வளவு அழுத்த முடியும்? இந்தக் கேள்விக்கு 1869இல் அமெரிக்காவில் வால்வொர்த் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் ஸ்டில்சன் பெற்ற காப்புரிமை விடை தந்தது. அவருடைய குழாய்க்குறட்டில் மேல்தாடை கொக்கி வடிவினது. சட்டத்துக்குள் சற்றே ஆடும்படி தளர்வாக மாட்டியது. கைப்பிடியை இழுத்ததும் அக்கொக்கி சாய்ந்து கீழ்த்தாடையை நெருங்கும். எவ்வளவு வலிமையாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகப் பிடி விழும். பனையேறியின் காலிலுள்ள தளைநாரும் இவ்வாறே இயங்குகிறது. உடலின் எடை கீழே இழுக்க இழுக்க, நார் பாதங்களை மரத்தோடு மேலும் நெருக்குகிறது. ஏறுபவர் தனியாகப் பிடிக்க வேண்டியதில்லை. அவருடைய எடையே பிடித்துக்கொள்கிறது. மரத்தின் தோலும் உரிவதில்லை.

குழாய்க்குறடோ உரிக்கிறது. கடினப்படுத்திய எஃகுப் பற்கள் ஒரு சில கோடுகளில் குழாயைக் கடித்து அதன் தசைக்குள் இறங்குகின்றன. ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் போர்வை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பல் பதிந்த ஒவ்வொரு வடுவிலும் பின்னாளில் துரு குடியேறும். தானே இறுகும் பிடி என்ற ஸ்டில்சனின் எண்ணம் மிகச் சிறந்தது. அதைச் செயற்படுத்திய பல் மட்டும் முரடு.

பற்களை நீக்கிவிட்டு இறுக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும், வார் இருந்தால். காசிமேட்டில் படகைக் கட்டுவோர் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அலையின் இழுப்பைத் தாங்குவதைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குக் கணக்கு வகுத்தார். சுற்றிய கோணம் சீராகக் கூடும்போது தாங்கும் விசை மடங்கு மடங்காகப் பெருகும். உராய்வுக் குணகம் 0.3 என்றால், முக்கால் சுற்றில் ஏறத்தாழ 4 மடங்கு. முழுச் சுற்றில் 6 மடங்குக்கு மேல். இரண்டு சுற்றில் 40 மடங்குக்கு மேல். வார்ச்சாவி இந்த விதியின் குழந்தை. 50 மி.மீ. விட்டமுள்ள குழாயை 25 மி.மீ. அகலத் தோல்வாரால் முக்கால் சுற்றுச் சுற்றி, முன்பு மரையில் கண்ட அதே திருப்பு விசையைச் செலுத்துவதாகக் கொள்வோம். வாரின் இழுவிசை 200 கிலோவைச் சற்றே கடக்கும். ஆனால் குழாயின்மேல் விழும் அழுத்தம், மிகுந்த இடத்திலும், சதுர மில்லிமீட்டருக்கு மூன்றிலொரு கிலோ அளவுதான். அங்கே 100 கிலோ. இங்கே மூன்றிலொரு கிலோ. முலாமுக்கு இது தடவிக்கொடுப்பதைப் போன்றது.

பெரியவரின் சைக்கிள் ட்யூப் இந்தக் கணக்கின் பாதி வழியில் நிற்கிறது. பல்லின் கூர்மையை ரப்பர் தன் நெகிழ்ச்சியால் பரப்பிவிடுகிறது. ஆனால் மிகுதியாக இழுத்தால் பல் ரப்பரைத் துளைத்துவிடும். வைஸ் எனப்படும் பிடிசிராயில் வேலைப்பொருளை மாட்டும் கடைசல்காரர் தாடைகளுக்குச் செம்புத் தகடோ அலுமினியத் தகடோ போர்த்துவது இதைவிட முதிர்ந்த வழி. இரண்டு உலோகங்கள் மோதினால் மெலியது வடுப்படும் என்பதை அறிந்து, மெலியது தாடையாக இருக்கும்படி அவர் பார்த்துக்கொள்கிறார். தேய்ந்தால் தகட்டை மாற்றலாம். வடுப்பட்ட வேலைப்பொருளை மாற்ற முடியாது.

வாருக்கும் குறையுண்டு. எண்ணெயோ நீரோ பட்டால் உராய்வுக் குணகம் சரியும். சரிந்தால் மடங்குப் பெருக்கமும் உடன் சரியும். துருவேறிய சிறு மரையிடம் அது தோற்றுப்போகும். ஆயினும் பம்மல், நாகல்கேணிப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் இத்தனை காலமாக நடந்துவர, அதற்கு மிக அருகிலேயே பட்டறைகளும் நிறைந்திருக்க, நல்ல தோல்வார்ச்சாவி ஒன்று இங்கே எல்லாக் குழாய்ப் பணியாளர் பைகளிலும் இடம்பெறாதது எனக்கு வருத்தமே. கைக்கருவிக்கென்று ஜலந்தரில் 1983இல் நடுவண் நிறுவனம் அமைந்தது. பஞ்சாபின் பட்டறைகள் அதனால் பயன்கொண்டன. நம் பட்டறைகள் ஊர்திப் பாகங்களை மைக்ரோமீட்டர் நுட்பத்தில் கடைந்து தருகின்றன. அந்தக் கைகள் ஒரு சாவியின் வாயை வரையத் தொடங்கினால், கைப்பிடியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வேலைப்பொருளை வரையட்டும். அதன் எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறித்தபின் வாய் தானே உருப்பெறும்.

சென்னையிலேயே அவ்வாறு நடந்ததுண்டு. 1970களின் பிற்பகுதியில் யுனிசெஃப், இந்திய அரசு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை ஆகியவை கூடி உருவாக்கிய மார்க் 2 கைப்பம்பைப் புறநகர்த் தெருக்களில் தண்ணீர் எடுத்த எவரும் மறக்கமாட்டார். ஆழ்துளைக்குள் மூன்று மூன்று மீட்டராக இணைத்து இறக்கிய 32 மி.மீ. ஜி.ஐ. குழாய்கள், மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ எடையுடன் தொங்கும். பழுது பார்க்க மேலே இழுக்கும்போது, ஓர் இணைப்பைக் கழற்றும் நேரத்தில் எஞ்சிய குழாய்களை ஏதேனும் ஒன்று பிடித்திருக்க வேண்டும். நழுவினால் 30 மீட்டர்க் குழாயும் துளையின் அடியில் போய்விடும். அதற்கென்றே தானாகப் பூட்டிக்கொள்ளும் கவ்வி ஒன்று அந்தப் பம்பின் கருவிப்பெட்டியில் இடம்பெற்றது. தொங்கும் எடையே தாடையை இறுக்கும்; எடை மிகுந்தால் பிடியும் மிகும். ஸ்டில்சனின் எண்ணமும் பனையேறியின் எண்ணமும் அங்கே சந்தித்தன.

எனினும் ஒவ்வொரு பழுதுக்கும் எல்லா இணைப்புகளும் குறட்டின் வாயில் சிக்க வேண்டியிருந்தது. அடியிலுள்ள உருளையில் ஒரு சிறு தோல் வாஷர் தேய்ந்தால்கூடக் குழாய்கள் முழுவதையும் இழுத்துக் கழற்றி, மறுபடி முறுக்கி இறக்கினர். இணைப்புகளின் திருகுபுரிகள் தேய்ந்தன, துத்தநாகம் உரிந்தது. 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்து உருவாக்கிய மார்க் 3 பம்பில் வடிவமைப்பாளர்கள் குறட்டைத் திருத்த முனையவில்லை. குழாயை 65 மி.மீ. ஆக அகலமாக்கினர். உருளையின் மேல்வாயைத் திறந்துவைத்தனர். உந்துதண்டை அதன் கம்பிகளோடு குழாயின் உள்வழியாகவே மேலே எடுத்து, வாஷரை மாற்றி, மீண்டும் உள்ளே இறக்கிவிடலாம். கழற்ற வேண்டியவை கம்பிகளின் இணைப்புகள் மட்டுமே. குழாய்கள், எந்தத் தாடையும் தம்மேல் படாமல், நிலத்துக்குள் நின்ற இடத்திலேயே நின்றன.