வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ஞாயிறு

ஐரோப்பிய நகரம் ஒன்றைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் ஆசை தோன்றினால், கப்பலேறவோ விமானமேறவோ அவசியமில்லாமல், எங்கள் சென்னைப் பாலவாக்கத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே மாமல்லபுரத்தையும் மரக்காணத்து உப்பளங்களையும் கடந்து மூன்று மணி நேரம் பிரயாணம் செய்தால் புதுச்சேரி வந்துவிடுகிறது. அப்படி வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் உலாவி, மஞ்சள் பூசிய மதில்களின்மேல் சரிந்து கிடக்கும் காகிதப்பூக் கொத்துகளைப் படமெடுத்து, ஒரு காபியருந்திவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். அந்தச் சந்தோஷம் நியாயமானதே. ஆயினும், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்தாரின் விருந்தினனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கழிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது முதல், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே நாம் காண்பது அந்நகரத்தின் முகப்பு மட்டுமே என்றும், அதன் ஜீவன் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில்தான் குடிகொண்டிருக்கிறது என்றும் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு உபசாரம் செய்தவர்கள் ஊர்வழக்கில் ‘சொல்தா’ வீட்டார், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் ஊழியம் புரிந்தவரின் சந்ததியார். வீட்டுக்காரரான என் நண்பரின் தந்தை சைகோனில் பணியாற்றியவர். காலையில் அவர்களோடு கப்ஸ் கோயிலுக்குப் போனேன். 1855-இல் எழுந்த அந்தக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் உட்சுவர்கள், முட்டையின் வெண்கருவைச் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பினால் பூசப்பட்டவையாதலால், கையால் தடவிப் பார்க்கும்போது பளிங்கின் வழவழப்பும் குளிர்ச்சியும் தோன்றுகின்றன. பிரெஞ்சு மொழியில் பூசை நடந்தது. எனக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் பட்டும் கதம்பமும் தரித்து நின்ற ஒரு மூதாட்டி, புத்தகத்தைத் திறவாமலே அத்தனை பதிலுரைகளையும் கணீரென்று சொன்னார்.

வெளியே வந்ததும் நண்பர் கடற்கரைப் பக்கம் திரும்பாமல் மேற்கு நோக்கி நடந்தார். “அந்தப் பக்கத்து வீடெல்லாம் மதிலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் தம்பி, எங்க பக்கத்து வீடு தெருவப் பாத்து உக்காந்திருக்கும்” என்றார். வாய்க்காலைத் தாண்டியதும் அவர் சொன்னது பிரத்தியட்சமாயிற்று. கிழக்கே உயர்ந்த மதிலும் வேலைப்பாடமைந்த வாயிற்கதவும் தாண்டித்தான் தோட்டத்தையும் வீட்டையும் காணமுடியும். மேற்கே வைசியாள் வீதியிலோ மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரமும், அதற்கு உட்புறம் திண்ணையுமாக, வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கி உட்காரும்படி ஒவ்வொரு வீடும் அமைந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் அதே வீட்டின் மாடியில் வளைவுச் சாளரங்களும் பிரெஞ்சுக் கைப்பிடிச் சுவரும் தென்படுகின்றன. இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் கீழும் மேலுமாகக் குடித்தனம் செய்யும் இந்தக் காட்சியை வேறெங்கு காண்போம்? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ ஆகிய நகரங்களோடு புதுச்சேரி சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியால் இவ்வீதியைப் புதுப்பித்தது. அடுத்த தெருக்களுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. தாழ்வாரம் சரிந்த வீடுகளையும், இடித்துவிட்டுக் கட்டிய கண்ணாடிக் கட்டடங்களையும் காண மனம் வேதனைப்படுகிறது. கடற்கரையில் கம்பீரமாக நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்து, பின்னர் பழைய சாயலில் எழுப்பப்பட்டதென்றால், கேட்பாரற்ற இல்லங்களின் கதியை என்னவென்பது!

பெரிய மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை முன்னே நெடுநேரம் நின்றோம். 1709-இல் நம் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாகி, அதாவது மொழிபெயர்ப்பாளராகி, புதுச்சேரியின் வாணிபத்தையும் அரசியலையும் அருகிருந்து கண்டவர் அவர். 1736 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லையேல், 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்ததும், அவ்வாண்டு அக்டோபரில் எங்கள் பாலவாக்கத்துக்குச் சற்று வடக்கே அடையாற்றங்கரையில் பராதி என்னும் ஸ்விட்சர்லாந்துக்காரரின் தலைமையில் சிறு பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெருஞ்சேனையை முறியடித்ததுமான செய்திகளை ஒரு தமிழரின் கண்கொண்டு பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஏது? அவர் காலமானது 1761 ஜனவரி 12-ஆம் தேதி; அடுத்த சில நாட்களிலேயே ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் கோட்டையையும் கிழக்கே இருந்த பிரெஞ்சு மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் ரசிக்கும் வெள்ளை நகரம் அதற்குப் பின் எழுந்தது. 1738-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பிள்ளையின் வீடோ, கீழே மரத்தூண்கள் சூழ்ந்த முற்றமும் மேலே வெண்ணிறச் சுதைத்தூண்களுமாக இன்றும் நிற்கிறது. பழைய புதுச்சேரியைத் தேடுகிறவன் வாய்க்காலைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

விருந்தோம்பல் இந்தத் தெருக்களுக்குப் பழகிய தர்மம். ஆங்கில அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பி 1908-இல் வந்த பாரதியார் பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்திறங்கியபோது முதலில் தங்க இடமளித்தவர் கலவை சங்கரஞ்செட்டியார். ஒற்றர்கள் தெருமுனையில் காத்திருந்த நாட்களில் ஒரு வர்த்தகர் தம் வீட்டு மாடியைத் திறந்துவிட்டது சாமானியமான காரியமன்று.

மத்தியானச் சாப்பாட்டில் ஆட்டுக்கறிக் குழம்பும், அதில் தோய்த்துண்ண நீண்ட பிரெஞ்சு ரொட்டியும், பிறகு ரசஞ்சாதமும் பரிமாறினார்கள். சுவரில் பதக்கங்களணிந்த தந்தையின் படம் தொங்கியது. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று உடன்படிக்கை வகுத்திருந்தது. “அப்பா கையெழுத்துப் போட்டாரு, சித்தப்பா போடல. ஒரே முற்றம், ரெண்டு தேசம்” என்றார் நண்பர். எனவே பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஞாயிறுகளில் அவர் இவ்வூரிலேயே வாக்களித்துவிட்டு வர, சித்தப்பா மகன் திண்ணையில் அமர்ந்து முடிவை விசாரிப்பாராம். அரசியல் சாஸ்திர நூல்கள் பிரஜாவுரிமை பற்றிச் சொல்வதனைத்தையும் அந்தத் திண்ணையிலிருந்தே ஒருவன் கற்றுக்கொள்ளலாம்.

வெயில் தணிந்தபின் காந்தி வீதியில் கடைகளடைத்த நடைபாதை முழுவதையும் நிறைத்திருந்த ஞாயிறுச் சந்தையில், துணிமணிக் குவியல்களுக்கிடையே பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்தோம். கடற்கரைக்குப் போகும்போது அங்கே வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. ஊரே சாலைக்கு வந்திருந்தது. போர்வீரர் நினைவுச் சின்னத்தைக் காட்டி, “ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளுக்கு வந்துடுங்க தம்பி, மிச்சமிருக்கிற சொல்தாங்க எல்லாம் மெடல் போட்டுக்கிட்டு வருவாங்க” என்றார் நண்பர். “அந்த வெயில்ல எதுக்கு? நீங்க கிறிஸ்துமஸுக்கு வாங்க தம்பி, விவிக்கம் கேக் செஞ்சு வெக்கிறேன்” என்றார் அவர் மனைவியான அண்ணி. இரண்டுக்கும் வருவதாக வாக்களித்துவிட்டுச் சென்னைப் பேருந்தில் ஏறினேன்.