கண்டன்சருக்கும் வயதாகும்

‘மின்ட் கண்டிஷன், அதிகம் ஓட்டவில்லை, பல வருஷமாக மூடியே வைத்திருந்தது.’ பழைய ஹைஃபை செட்டை விற்பனைக்குப் போடுகிறவர்கள் தவறாமல் சேர்க்கும் வாசகம் இது. எழுதுகிறவர் அதைப் பெருமையாக நினைத்துத்தான் எழுதுகிறார். விவரம் தெரிந்து வாங்க வருகிறவருக்கோ அந்தப் ‘பல வருஷமாக மூடி’தான் உறுத்தும். ஸ்பீக்கரின் விளிம்பில் உள்ள ஃபோம், ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கண்டன்சர், கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் ஆகியவை பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் கிழடு தட்டும். சிலவற்றுக்குச் சும்மா கிடப்பதே கெடுதல்.

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய செட் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகும் என்பதில் பாதியைத்தான் பிராண்டின் பெயர் தீர்மானிக்கிறது. மீதி வேதியியலின் கையில் இருக்கிறது.

முதலில் ஸ்பீக்கர். 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளோஸ் என்ற மாணவருடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்துவது அவருடைய யோசனை. சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. ஆனால் அதற்குக் கோன் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதைப் பிடித்திருக்கும் விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். 1970-களில் பல கம்பெனிகள் இந்த விளிம்புக்குப் பாலியூரித்தேன் ஃபோமைத் தேர்ந்தெடுத்தன. எடை இல்லை, விலை குறைவு, வளைந்து கொடுக்கும். ஜேபிஎல் 4343 போன்ற பெரிய ஸ்டுடியோ மானிட்டரின் 15 அங்குல வூஃபரில்கூட இதே ஃபோம்தான்.

அதன் ஆயுளைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எஸ்டர் வகைப் பாலியூரித்தேனுக்கு ஈரம் எதிரி. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அதன் நீண்ட சங்கிலியை ஒவ்வொரு எஸ்டர் பிணைப்பாக அறுக்கின்றன. அறுபடும் இடத்தில் உருவாகும் அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை விரைவுபடுத்துகிறது. அதனால் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருக்கும். கெட ஆரம்பித்துவிட்டால் சரசரவென்று உதிரும். ஈத்தர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அதைத் தின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் ஃபோம் விளிம்புக்குப் பத்திலிருந்து இருபது வருடம் என்பதே பொதுக் கணக்கு. சென்னை, சிங்கப்பூர், கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதன் கீழ்வரம்பை எதிர்பார்ப்பதுதான் நல்லது.

சோதிப்பது எளிது. முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி, விளிம்பை விரல்நுனியால் லேசாகத் தொட வேண்டும். நல்ல ஃபோம் அமுங்கி மீளும். கெட்டுப்போனது கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். பிறகு நான்கு விரல்களைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். சத்தமே வரக்கூடாது. ‘சர்க்’ என்று உரசினால் உள்ளே வாய்ஸ் காயில் இடம் பிசகி, காந்தத்தின் இடுக்குச் சுவரில் தேய்கிறது என்று பொருள்.

ஃபோமை மாற்றலாம். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுத்து, புது வளையத்தை ஒட்டி, காயிலை நடுவில் நிறுத்துவது நுணுக்கமான வேலை; ஆனால் வழக்கமாக நடக்கிற வேலை. சரியான அளவும் விறைப்பும் உள்ள வளையம் போட்டிருந்தால் அது குறையே இல்லை. மறைப்பதைவிட, மாற்றிய தேதியையும் வேலையின் படங்களையும் காட்டுகிறவருக்கு நல்ல விலை கிடைக்கும். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் இன்றும் கிராக்கியாக இருப்பதற்கு அதன் குரல் துல்லியம் ஒரு காரணம் என்றால், அதில் உதிர்ந்துபோக ஃபோம் விளிம்பு இல்லை என்பது இன்னொன்று.

ஆம்ப்ளிஃபையருக்கு வருவோம். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ரெக்டிஃபையரைக் கடந்ததும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அதைச் சமன் செய்வது உருளை வடிவப் பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அலுமினியத் தகடும் எலக்ட்ரோலைட் திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே அந்தத் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. காய்ந்த கண்டன்சரால் மேடுபள்ளத்தை நிரப்ப முடியாது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வைத்தால் ‘உம்ம்’ என்று அந்த 100 ஹெர்ட்ஸ் கேட்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் கண்டன்சரின் ஆயுள் இரட்டிக்கும். மேலே ‘85 டிகிரி, 2000 மணி நேரம்’ என்ற தகுதியுள்ள கண்டன்சர் 45 டிகிரியில் இயங்கினால், நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம் வரும். தினம் நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் கிட்டத்தட்ட 22 வருடம். அதே ஆம்ப்ளிஃபையரைக் காற்றோட்டமில்லாத டிவி ஸ்டாண்டுக்குள் திணித்து உள்ளே 55 டிகிரி ஆனால் 11 வருடம்தான்.

சும்மா கிடந்தால்? அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம்தான் கண்டன்சரின் காப்பு. மின்சாரமே பாயாமல் வருடக்கணக்கில் இருந்தால் அது நலிந்துபோகும். திடீரென்று 230 வோல்ட்டில் சொருகினால் கசிவு மின்னோட்டம் பெருகி, சூடாகி, மூடி பிதுங்கிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் அப்படிச் சொருகமாட்டார். சீரிஸ் போர்டை எடுப்பார்: மின் இணைப்பின் நடுவே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று தொடர்வரிசையில் இருக்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்து, கண்டன்சர்கள் நிரம்ப நிரம்ப மங்கினால் நிம்மதி. மங்காமல் பளீரென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பாதிப்பு ஆம்ப்ளிஃபையருக்குப் போகாமல் பல்போடு நின்றுவிட்டது. விற்பவர் வாங்குபவர் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. வந்தவர் முன்னால் புகை வந்தால் அன்றைய பேரம் முடிந்தது.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த செட்டுகளில் இன்னொரு கண்ணி. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் வீட்டில் சொருகினால் சில நொடிகளில் கதை முடியும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை என்பதை விற்பவர் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

டர்ன்டேபிள்களின் கதை வேறு. அங்கே வயது பல சமயம் லாபம். 1954-இல் வந்த கராட் 301, 1972-இல் வந்த லின் சோன்டெக் எல்பி12 இரண்டுக்கும் இன்றும் ஆள் இருக்கிறது. எல்பி12-க்கு இன்று வரும் புது உதிரிப் பாகங்களைப் பழைய உடலில் பொருத்திக்கொள்ளலாம் என்பதே அதன் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் பெல்ட்டே கிடையாது. மோட்டார் நேராகத் தட்டைச் சுழற்றும். 2010-இல் உற்பத்தி நின்றது, ஆதரவாளர்கள் விடவில்லை, 2016-இல் அந்த வரிசை திரும்பி வந்தது. ஆனால் முள்ளை மட்டும் புதிது என்று கணக்கில் சேர்க்கக்கூடாது. வைர நுனிக்குப் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம்தான். பெட்டி பிரிக்காத பழைய கார்ட்ரிட்ஜிலும் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம்.

சிடி பிளேயர், டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் டிஏசி இவற்றைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விற்பனைக்கு வந்த முதல் சிடி பிளேயரான சோனி சிடிபி-101 1982 அக்டோபரில் ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்றது. அதன்பின் டிஜிட்டல் சிப் வருடா வருடம் மலிகிறது. பழைய பிளேயர்களின் லேசர் பிக்கப்போ பல மாடல்களுக்குச் செய்வதே நின்றுவிட்டது. மொத்தச் செட்டில் முதலில் விலை சரிவது இந்தப் பெட்டிதான். தனியாக விற்க முடிந்தால் சீக்கிரம் விற்றுவிடலாம்.

இவ்வளவும் பெட்டிக்குள் நடப்பவை, வெளியிலிருந்து தெரியாது. 1970-இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு மனமில்லாமல் ஒதுங்குகிறார். சந்தையில் ஓட்டைப் பொருள் மிஞ்சுகிறது. 2001-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம். வாங்கிய பில், சர்வீஸ் ரசீது, மூடியைத் திறந்து எடுத்த படம் எல்லாம் இந்தச் சந்தேகத்தை உடைக்கும் சாட்சிகள்.

விற்பவரின் மனக்கணக்கிலும் கோளாறு உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் குவளை கொடுத்து விற்கச் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை விற்பவர்கள் கேட்டார்கள். கைக்கு வந்து சில நிமிடமே ஆன குவளைக்கே இந்தப் பாசம் என்றால், இருபது வருடம் இளையராஜாவைக் கேட்ட ஸ்பீக்கருக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து விலை வைக்காமல், அதே மாடல் உண்மையில் விற்றுப்போன விலையை விசாரிப்பதே இதற்கு மருந்து.

நேரில் கேட்க வருகிறவரின் காதும் முழுக்க நம்பத் தகுந்ததல்ல. குறைந்த சத்தத்தில் பேஸ் நம் காதுக்கு மங்கலாகத்தான் விழும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் இரண்டு செட்டில் சற்றே சத்தமாக ஒலிப்பது ‘நல்லா இருக்கு’ என்று தோன்றும். 1994-இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்க வைத்தபோது, ஆட்கள் தந்த மதிப்பெண்கள் மாறிப்போயின. கண்ணுக்குப் பெரிதாக, அழகாக இருந்தவைக்குப் பார்த்தபோது கூடுதல் மதிப்பு. விற்பவருக்கு இது சாதகமான செய்தி: மரப்பெட்டியைத் துடைத்து, கிழிந்த துணியை மாற்றுவது வீண்வேலை இல்லை.

விலை படிந்து பணமும் கைமாறிய பிறகு செட் கெடுவது பெரும்பாலும் லாரியில். ஆம்ப்ளிஃபையரின் கனம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. ஓரமாகக் கவிழ்ந்து விழுந்தால் அது தன் பிடிப்பைப் பிய்த்துக்கொண்டு உள்ளே உருளும். பழைய அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் வைத்திருந்தால் அதில்தான் அனுப்புங்கள். டர்ன்டேபிளின் தட்டையும் டோன் ஆர்மின் எடைக்கல்லையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், ஊசிக்கு மூடி போடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையரானால் ஒவ்வொரு வால்வையும் கழற்றி, எது எந்தச் சாக்கெட்டுக்கு என்று எண் எழுதி வையுங்கள். சிடி பிளேயருக்கு அடியில் பூட்டுத் திருகு இருந்தால் அதை முடுக்கிய பிறகே பெட்டியை ஒட்டுங்கள்.