எண்ணூரை எந்தப் பெயரில் தேடுவது?

எண்ணூர்க் கழிமுகத்தின் மாசு பற்றி ஆய்வேடு எழுத வேண்டிய மாணவர் பெரும்பாலும் செய்வது இதுதான்: கூகுள் ஸ்காலரில் ஊர்ப்பெயரையும் மாசு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் தட்டுகிறார், முதல் பக்கத்தில் வந்தவற்றில் இலவசமாகத் திறக்கிற நாலைந்தை இறக்கிக்கொள்கிறார், அவற்றை வைத்தே முன்னாய்வு அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு விஷயத்தைப் பற்றிய அறிவு யாரிடம் உருவாகிறது, எந்தப் பெயரில் எங்கே பதிவாகிறது என்று யோசிப்பதே ஆய்வின் முதல் வேலை. அந்த வேலையை ஒரு தேடல் பெட்டியிடம் விட்டுவிடுகிறோம். அந்தப் பெட்டியோ ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தே வரிசை போடுகிறது. அதனால் பலரும் காட்டிய பழைய கட்டுரை மேலே நிற்கும். போன வருடம் வந்தது பின்பக்கங்களில் கிடக்கும்.

எண்ணூர் இருக்கும் வடசென்னையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. இங்கே பெயர்கள் நிலையாக இருந்ததில்லை. 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் ஆனது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பழைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். நகரமே 1996 வரை ஆங்கிலத்தில் மெட்ராஸ். கொசஸ்தலையாற்றுக்கு ஆங்கிலத்தில் கொர்ட்டலையார் உட்பட இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். ஒரே பெயரில் தேடுகிறவருக்கு ஒரு காலகட்டத்தின் எழுத்து மட்டுமே கிடைக்கும். மற்றவை இல்லை என்றே முடிவு கட்டிவிடுவார். தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்வது பத்து நிமிட வேலை.

அடுத்தது, எல்லாச் சான்றும் ஆய்விதழில் இருப்பதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் எண்ணூர் அருகே மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. சில நாட்களில் எர்ணாவூர் கரையில் எண்ணெய்ச் சேற்றை வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் செய்தியோடு நிறுத்திக்கொள்ளும் மாணவரின் ஆய்வேட்டில் அந்தக் கசிவே நடந்திருக்காது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பரவியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வழக்கின் உத்தரவுகளிலும், தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கைகளிலும் இருக்கும் விவரங்கள் ஆய்விதழுக்கு வந்துசேரச் சில வருடங்கள் ஆகும். சில வராமலே போகும். பெரிய தொழில் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளும் அப்படித்தான். பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு வரும் திட்டமானால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதன் சுருக்கம் தமிழிலும் இருந்தாக வேண்டும். இவை திட்டக்காரர் செலவில் எழுதப்படுபவை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் கேட்கும் ஆய்விதழ்களுக்குக் காசில்லாத மாணவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. அதன் கூர்மை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. வியாசர்பாடி அரசு கலைக் கல்லூரி போன்றவை இந்த வரம்புக்குள் வருபவை; தனியார் கல்லூரி மாணவருக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆனால் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் எல்லோருக்கும் பொது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்புகளாக அங்கே இருக்கின்றன. பழையவை பல, பக்கங்களைப் படமெடுத்துப் போட்டவை என்பதால் உள்ளே இருக்கும் சொல் தேடலில் சிக்காது. தலைப்பையும் துறையையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கிடைத்ததும் முதலில் திறக்க வேண்டியது நூற்பட்டியல் உள்ள கோப்பை. ஒருவர் பல வருடம் அலைந்து சேர்த்தது அங்கே சும்மா கிடைக்கிறது.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் போதாதா என்பார்கள். தேடுசொற்களை யோசிக்க அது உதவும், மறுக்கவில்லை. மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் தந்துவிடக்கூடும். 2023இல் நியூயார்க்கில் அப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அதிகம் எழுதப்படாத எண்ணூர் போன்ற ஊரைப் பற்றிக் கேட்கும்போது புனைவுக்கு இடம் இன்னும் அதிகம்.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டோடு ஒரு பக்கத் தேடல் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பெயர்களில், எங்கெங்கே, எந்தத் தேதியில் தேடினார், எதை ஏன் ஒதுக்கினார் என்று. அதற்கு மதிப்பெண்ணும் போடுங்கள்.