மீன் வாங்கும் முன் செடி வையுங்கள்... தொட்டிக்குள் ஒரு குட்டித் தோட்டம்!

வண்ண மீன்களுக்குப் பெயர்போன சென்னை கொளத்தூருக்குப் போனால் தொட்டி, மணல், செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். அன்று மாலையே மீன்களைத் தொட்டியில் விட்டுவிடுவதில்தான் சிக்கல். சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். வீட்டுக் குழந்தைகள் அழுவார்கள். பழி கடைக்காரர் மேல் விழும். பல நேரங்களில் உண்மையான காரணம், இன்னும் பக்குவப்படாத தண்ணீர்!

ஏன் சாகின்றன?

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். இது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். அது செடிகளுக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

தொட்டி அமைப்பது எப்படி?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எடை அதிகம் என்பதால் உறுதியான மேஜை அவசியம். நேரடி வெயில் பட்டால் பாசி பிடிக்கும். அடியில் சத்து மண், மேலே 2 அங்குலத்துக்குக் கழுவிய மணல். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மீது தண்ணீர் ஊற்றினால் மணல் கலையாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

எந்தச் செடிகள்?

பள்ளி ஆய்வகத்தில் பார்த்த ஹைட்ரில்லா, நீளநீளமாக வளரும் வாலிஸ்நேரியா ஆகியவை எளிதில் வளரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் செடிகளின் தண்டுக்கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடலாம். கிரிப்டோகோரைன் நட்ட சில நாள்களில் இலைகளை உதிர்க்கும். பிடுங்கி எறிய வேண்டாம், வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தினமும் 6 முதல் 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும்.

மீன் எப்போது?

முதல் வாரங்களில் சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டுவந்தால் பாக்டீரியா வளரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு, மூன்று நான்கு கப்பிகளில் தொடங்கலாம். கோல்டு ஃபிஷ் செடியைக் கடித்துத் தின்னும் என்பதால் இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

பராமரிப்பு

* ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

* அதன் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுவதே நல்லது.

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். மொத்தமாக மாற்றினால் மீன்கள் அதிர்ச்சிக்குள்ளாகும்.

* இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி.

* வேண்டாத மீனையும் செடியையும் ஏரி, குளத்தில் விடக் கூடாது. வெளிநாட்டு வகைகள் பெருகினால் உள்ளூர் மீன்களுக்கு ஆபத்து.

தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். மாடியில் இருக்கும் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அது அருமையான உரம்!