கட்டுண்ட நொதியங்களும் ஆமணக்கெண்ணெயும்

நாம் பயன்படுத்தும் தாவர எண்ணெய் எதுவாயினும் அதன் அடிப்படை அமைப்பு ஒன்றே. கிளிசரோல் என்னும் சிறு மூலக்கூறு ஒன்று மூன்று கொழுப்பமிலங்களைப் பற்றி நிற்கின்றது. நீரின் துணையோடு அப்பிணைப்பை அறுத்தால் கொழுப்பமிலங்கள் தனித்துக் கிடைக்கும். சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்வோர் நாடுவது இவற்றையே.

தொழிற்சாலைகளில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது நீராவி. ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பமும் வளிமண்டல அமுக்கத்தின் 50 மடங்கு அமுக்கமும் அதற்குத் தேவை. தேங்காயெண்ணெய் இதனைத் தாங்கும், ஆமணக்கெண்ணெய் தாங்காது. (சிறுவயதில் அதனைக் குடிக்க நேர்ந்த பெற்றோர் அதன் சுவையை மறந்திரார்!) அதன் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இரிசினோலெயிக் அமிலமாகும். அவ்வமிலத்திலுள்ள ஐதரொட்சில் கூட்டமே அதற்குத் தனி மதிப்பைத் தருகின்றது. கடும் வெப்பத்தில் அக்கூட்டம் நீராகக் கழன்றுவிடும். அல்லது அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். நாம் பெற விரும்பிய பொருளே கெட்டுப்போகும்.

மாணவர்களே, உங்கள் உடல் இதே வேலையை 37 பாகையிலேயே செய்கின்றது. சதையி சுரக்கும் இலிப்பேசு என்னும் நொதியமே அங்கே எண்ணெயைப் பிரிக்கின்றது. ஆமணக்கு விதையிலும் இலிப்பேசு உண்டு. அவ்விதையைக் கொண்டே எண்ணெயைப் பிரிக்கலாம் என்று செர்மனியில் 1902ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

ஆயினும் ஓர் இடர் நின்றது. நொதியம் நீரில் கரைவது, விலை மிக்கது. ஒருமுறை பயன்படுத்தியபின் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. அதனை ஒரு திண்மத்தோடு கட்டிவைத்தால் என்ன? 1916இல் நெல்சன், கிரிபின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கரியில் ஒட்டிய மதுவத்தின் நொதியம் ஒன்று தன் ஆற்றலை இழக்கவில்லை எனக் கண்டனர். 1969இல் யப்பானின் தனபே நிறுவனம் கட்டுண்ட நொதியத்தைக் கொண்டு அமினோ அமிலங்களைத் தொழில்முறையிற் பிரிக்கத் தொடங்கியது.

இலிப்பேசையும் அவ்வாறே பிசின் மணிகளில் ஒட்டலாம். கடற்பாசியிலிருந்து பெறும் அல்சினேற்றுக் கூழினுள் சவ்வரிசி போன்ற மணிகளாகவும் அடைக்கலாம். மணிகளை ஒரு குழாயில் நிரப்பி, எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தை அதனூடே செலுத்துவர். இலிப்பேசு எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையிலேயே வேலை செய்வதால், எண்ணெய்த் துளிகள் சிறிதாகுந்தோறும் வேகம் கூடும். அமிலங்கள் வெளியேறும், நொதியம் மணிகளிலேயே தங்கும்.

குறைகளும் உள. விடுபட்ட கிளிசரோல் மணிகளின் துளைகளை அடைக்கும், தாக்கமும் மீள்தன்மையுடையது. ஆதலால் கிளிசரோலை அகற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். நீராவி சில மணி நேரத்தில் முடிப்பதற்கு நொதியம் ஒரு நாள் கேட்பதும் உண்டு. மலிவான எண்ணெய்களுக்கு இச்செலவு கட்டுபடியாகாது என்றே நாம் கருதுகின்றோம். நைலோன் 11 முதலியவற்றுக்கு மூலமாகும் ஆமணக்கெண்ணெய்க்கோ அக்காத்திருப்பு நட்டமன்று.