இரவு எங்கே தங்குவது? – நீர்ப்பூங்காவுக்குப் போகுமுன் ஒரு கணக்கு

சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதத்தை வீட்டில் நீட்டினால், எங்கள் பக்கத்து உம்மாமார் முதலில் கேட்பது "இரவைக்கு எங்க தங்குவீங்க?" என்பதைத்தான். எவ்வளவு காசு, யார் யார் போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகே வரும். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாததால் வீட்டிலேயே நின்றுவிட்ட தோழியர் பலரை நான் அறிவேன். எங்கள் உயர்தர வகுப்பின் சுற்றுலாக் குழுவில் தங்குமிடம் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காகக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை மாணவியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். குடும்பமாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

"சுற்றிவரக் கடல் கிடக்க, தண்ணியில விளையாட அவ்வளவு தூரம் போகணுமா?" என்று என் உம்மம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஓலைத்தொடுவாயில் எங்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். ஆனால் அது தொழில் நடக்கும் இடம். வள்ளமும் வலையுமாக ஆண்கள் நிற்கும் கரையில், வளர்ந்த பெண்பிள்ளை எட்ட நின்று பார்ப்பதோடு சரி. கால் நனைய, உடை நனைய ஒருநாள் முழுவதும் சிரித்து விளையாடும் வாய்ப்பு எங்களில் பலருக்கு இப்படியொரு சுற்றுலாவில்தான் கிடைக்கிறது. அதனால்தான் இதைச் சரியாகத் திட்டமிட வேண்டும் என்கிறேன்.

பூங்காக்கள் இருக்கும் இடம்

எங்கள் பேச்சில் அடிபடும் பூங்காக்கள் இரண்டு. ஒன்று லெஷர் வேர்ல்ட். இது கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் ஏ4 வீதியில், ஹங்வெல்லவுக்கும் அவிசாவளைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. மற்றது களுத்துறை மாவட்டத்துப் பண்டாரகமவில் உள்ள பேர்ள் பே. இரண்டுமே கொழும்பு நகருக்கு வெளியே இருக்கின்றன என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். "கொழும்பில் அறை எடுத்தால் எல்லாம் பக்கம்தானே" என்று பலரும் நினைப்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தீவிலிருந்து பாலம் கடந்து மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வழியில் சாப்பாடு, தொழுகை எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். பூங்காக்கள் பகலில்தான் திறந்திருக்கும். ஆகவே போக ஒரு நாள், விளையாட ஒரு நாள், திரும்ப ஒரு நாள். இடையில் இரண்டு இரவுகள் வருகின்றன.

இந்த இரண்டு இரவுகளையும் மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்லப்படுவதுண்டு. இரவில் ஏறி, விடியப் போய் இறங்கி, விளையாடிவிட்டு அன்றிரவே திரும்பிவிடுவது. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் இருக்கையில் சாய்ந்து தூங்கலாம். சாரதி தூங்க முடியாது. முதல் இரவு ஓட்டியவர், பகலில் வாகனத்துக்குள் வெயிலில் கண்ணயர்ந்துவிட்டு, இரண்டாம் இரவும் 300 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தங்குமிடச் செலவு ஆடம்பரச் செலவு என்று எண்ணுவோர் இந்த ஒன்றை யோசித்தால் போதும்.

தங்குமிடத்தின் பழைய கணக்கு

மாட்டுவண்டியும் குதிரையும் ஓடிய காலத்தில் இந்நாட்டின் பெருவீதிகளில் ரெஸ்ட் ஹவுஸ்கள் கட்டப்பட்டன. வழிப்போக்கர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய்ச் சேர முடியுமோ, அதைக் கணித்தே அவற்றுக்கு இடம் பார்த்தார்கள். களனி ஆற்றின் கரையில், பழைய கோட்டை இருந்த இடத்தில் உள்ள ஹங்வெல்ல ரெஸ்ட் ஹவுஸ் அவற்றில் ஒன்று. நம் முன்னோர் அமைத்த முஸாபிர்கானாக்களுக்கும், தமிழர் அமைத்த மடங்களுக்கும் இதே கணக்குத்தான். களைத்த உடம்பு எங்கே நிற்குமோ அங்கே கூரை இருக்க வேண்டும்.

நவீனப் பூங்காக்களின் கதை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் அனஹெய்ம் நகரில் வோல்ட் டிஸ்னி 1955 ஜூலையில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது, விடுதி கட்ட அவரிடம் பணம் இருக்கவில்லை. ஜாக் ராதர் என்பவர் பக்கத்திலேயே விடுதி கட்டி அதே ஆண்டு திறந்தார். பிறகு பூங்காவைச் சுற்றி விடுதிகள் முளைத்தன. வந்தவர்கள் தங்கக் கொடுத்த பணம் மற்றவர்களுக்குப் போயிற்று. இதைக் கண்ட டிஸ்னி, அடுத்த பூங்காவுக்காக புளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கினார். அது எங்கள் மன்னார்த் தீவைவிடச் சற்றே சிறியது! அவர் 1966இல் இறந்த பின்னர், 1971இல் அப்பூங்கா திறக்கப்பட்டபோது அதன் காணிக்குள்ளேயே விடுதிகளும் இருந்தன. இன்று அங்கே தங்குவோர் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே பூங்காவுக்குள் போகலாம். இந்தியாவிலும் பெங்களூரின் வொண்டர்லா பூங்கா, தன் பக்கத்திலேயே ஒரு விடுதி நடத்துகிறது.

பூங்காவின் அருகே உள்ள விடுதி எதை விற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். கட்டிலோடு சேர்த்து அது நேரத்தையும் விற்கிறது. தூரத்து விடுதியில் பணம் குறைவு. மிச்சத்தை நாம் நேரமாகக் கொடுக்கிறோம். ஒரு வாரம் தங்குகிறவருக்கு நேரம் மலிவு. ஒரேயொரு நாளுக்காக இரண்டு நாள் பிரயாணம் செய்யும் எங்களுக்கு அது மிகவும் விலை கூடியது.

மூன்று தெரிவுகள்

முதலாவது, கொழும்பு நகரம். விடுதிகள் அதிகம், பள்ளிவாசல்கள் அதிகம், ஹலால் உணவு தேடி அலைய வேண்டியதில்லை, தமிழ் பேசுவோரும் உண்டு. ஆனால் காலையிலும் மாலையிலும் வாகன நெரிசலில் அகப்பட வேண்டும். ஈரத் தலையோடும் பசியோடும் உள்ள பிள்ளைகளுக்கு மாலை நெரிசல் பெரிய சோதனை.

இரண்டாவது, பூங்காவுக்கு அருகே. லெஷர் வேர்ல்டுக்குப் போகிறவர்கள் ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் தேடலாம். அங்கே சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது அவசியம். உணவையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். பேர்ள் பே பூங்காவுக்கு இந்த விடயத்தில் ஒரு வசதி உண்டு. பண்டாரகமவுக்கு அருகே அட்டுளுகம என்ற பெரிய முஸ்லிம் ஊர் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் மன அமைதி கிடைக்கும். எந்தப் பூங்கா என்று முடிவெடுத்துவிட்டுத் தங்குமிடம் தேடுவதுதான் வழக்கம். பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இரண்டையும் சேர்த்தே யோசிப்பது நல்லது.

மூன்றாவது, வழியில் உள்ள புத்தளம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய இடம் அது. ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கும் அங்கே சாச்சா வீடோ மாமி வீடோ இருக்கும். அந்தத் துயரம் நமக்கு விட்டுச்சென்ற ஓர் உறவு வாசல் அது. முதல் நாள் அங்கே தங்கி, சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், மீதிப் பாதையை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். முழு வகுப்பாகப் போனால் உறவினர் வீடு தாங்காது. அப்போது அங்குள்ள பாடசாலை ஒன்றின் மண்டபத்தை எங்கள் அதிபர் ஊடாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கீழே வருவன கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள் மட்டுமே. உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

ஆறு பேர் கொண்ட குடும்பம், இரண்டு அறைகள், இரண்டு இரவுகள். நகரத்தில் ஓர் அறை 6,000 ரூபா என்றால் மொத்தம் 24,000 ரூபா. அங்கிருந்து பூங்காவுக்குப் போய்வர 80 கிலோமீட்டர். வேன் கட்டணம் கிலோமீட்டருக்கு 150 ரூபா என்றால் 12,000 ரூபா. கூட்டினால் 36,000 ரூபா.

பூங்காவுக்கு அருகே ஓர் அறை 9,000 ரூபா என்றால் மொத்தம் 36,000 ரூபா. போய்வர 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபா. கூட்டினால் 37,500 ரூபா. அறை வாடகை ஒன்றரை மடங்காக இருந்தும், முழுச் செலவில் வித்தியாசம் 1,500 ரூபாதான். நெரிசலில் போகும் மணித்தியாலங்கள் மிச்சம்.

இனி, முதல் இரவு புத்தளத்தில் உறவினர் வீடு, இரண்டாம் இரவு பூங்காவுக்கு அருகே. அறைகளுக்கு 18,000 ரூபாதான். புத்தளம் எப்படியும் வழியில்தான் வருகிறது. உறவு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. பேசாலைக் கருவாட்டுப் பொதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலும் இதுவே மலிவு.

இதிலிருந்து நான் கண்டது இதுதான்: இரண்டு இரவுகளும் ஒரே இடத்தில் கழிய வேண்டும் என்று கட்டாயமில்லை. விளையாட்டுக்கு முந்திய இரவு தூரத்தில் இருக்கலாம். விளையாடிய நாளின் இரவு கட்டாயம் அருகில் இருக்க வேண்டும். அன்று மாலைதான் எல்லோரும் களைத்திருப்பார்கள், சாரதி உட்பட.

பெண்பிள்ளைகளுக்கான சில விடயங்கள்

பூங்காவில் நிற்கும் பகலில் லுஹரும் அஸரும் வந்துவிடும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நீண்ட பிரயாணத்தில் இவ்விரண்டையும் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்கும் எண்ணம் இருந்தால் இச்சலுகை இல்லை. நமது சுற்றுலா அவ்வளவு நீளமல்ல. தங்குமிடம் அருகே இருந்தால், மாலையில் அறைக்கு வந்து குளித்து, சுத்தமான உடுப்புடன் மஃரிபுக்கு முன் நிம்மதியாகத் தொழுதுவிடலாம்.

நீச்சல் தடாகங்கள் சிலவற்றில் பருத்தி உடையுடன் இறங்க விடமாட்டார்கள். முழுமையாக மூடிய நீச்சலுடைக்கு அனுமதி உண்டா, பெண்களுக்கென்று உடைமாற்றும் அறை உண்டா என்று பூங்காவிடம் முன்பே கேளுங்கள். ஈர உடுப்புகளைக் காயப்போட விடுதியில் இடம் உண்டா என்பதும் சின்னக் கேள்வியல்ல.

மழையையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வெயில் எரிக்கும் மே, ஜூன் மாதங்களில் களனிப் பள்ளத்தாக்கில் மழை கொட்டும். ஹங்வெல்லப் பகுதி வெள்ளத்துக்குப் பழகிய இடம். ஆற்றோர விடுதி பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் மழைக்காலத்தில் மேட்டு நிலமே நல்லது.

விடுதியிடம் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் பேசும்போது கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டதா?
2. ஓர் அறையில் எத்தனை கட்டில்? மேலதிக மெத்தைக்குக் காசு உண்டா?
3. எங்கள் அறைகள் எல்லாம் ஒரே மாடியில், ஒரே வரிசையில் கிடைக்குமா? உள்ளே தாழ்ப்பாள் சரியாக உள்ளதா? குளியலறை அறையோடு சேர்ந்ததா?
4. மதுபானம் பரிமாறப்படுகிறதா? அன்றிரவு திருமண விருந்தோ இசை நிகழ்ச்சியோ உண்டா?
5. அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்கு விட வேண்டும்? பெரும்பாலான விடுதிகள் பகல் 12 மணிக்குள் அறையை விடச் சொல்லும். விளையாடிவிட்டு மாலையில் திரும்பும்போது அறை கையில் இருக்க வேண்டும் என்றால் இதை முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.
6. சாரதிக்குப் படுக்க இடம் உண்டா?
7. பயணம் நின்றுபோனால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

நான்காவது கேள்வியைக் கேட்க முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டபின், நல்ல விடுதிக்காரர்கள் அதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொன்னார்கள். பதில் சொல்லத் தயங்கியவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

வீட்டுக்குக் கொடுக்கும் தாள்

முடிவு எடுத்தபின் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். இரண்டு இரவுகளும் தங்கும் இடங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண். எந்த அறையில் யார் யார், அவர்களுடன் எந்த டீச்சர். வேன் சாரதியின் எண். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் பேசுவோம் என்பது. அடியில் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "வேண்டாம்" என்று சொல்லுமுன் இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒருமுறை பேசிப் பாருங்கள். குறை தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; வேறிடம் தேடுகிறோம். தோழியரே, நீங்களும் அனுமதி கேட்கும்போது கெஞ்சிக்கொண்டு நிற்காமல் இந்தத் தாளோடு போய் நில்லுங்கள். "இரவைக்கு எங்க தங்குவீங்க?" என்று உம்மா கேட்டு முடிக்குமுன் பதில் அவர் கையில் இருக்கட்டும்.